மஞ்சள் விளக்கு சொன்னதும் சொல்லாததும்

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று கொல்கத்தா நகரம் வெள்ளத்தில் கண் விழித்தது. 24 மணி நேரத்தில் 250 மில்லிமீட்டரைத் தாண்டிய மழையை அலிப்பூர் வானிலை ஆய்வு மையம் பதிவு செய்திருந்தது. துர்கா பூஜைக்குச் சில நாட்களே எஞ்சியிருந்த வேளை. நகரின் பல இடங்களில் மின்சாரம் பாய்ந்து உயிரிழப்புகளும் நேர்ந்தன. அலிப்பூரில் நாங்கள் வசிக்கும் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் என் கார், சக்கரங்கள் பாதி மூழ்கும் அளவு நீரில் இரண்டு நாட்கள் நின்றது.

நீர் வடிந்த பின் மெக்கானிக் ஒருவரை அழைத்து, எண்ணெயிலும் காற்று வடிகட்டியிலும் நீர் புகவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே காரை இயக்கினேன். அதுவரை சரியாகவே நடந்துகொண்டேன். அடுத்து ஒரு தவறு செய்தேன். சேறு படிந்த இஞ்சினைத் தூய்மையாக்க எண்ணி, உயரழுத்தக் குழாயால் இஞ்சின் முழுவதும் நீரைப் பீய்ச்சிக் கழுவச் செய்தேன். அதன் விலை நவம்பர் மாதத்தில் தெரிய வந்தது.

என் தாயார் மூச்சிரைப்பு நோயாளி. பேஹாலாவில் உள்ள மருத்துவரிடம் அவரைக் காட்டிவிட்டு, ஒரு மாலைப் பொழுதில் இல்லம் திரும்பிக்கொண்டிருந்தேன். மாஜேர்ஹாட்டில் ஜெய்ஹிந்த் பாலத்தின் மீது ஏறும்போது கார் இழுவையை இழந்தது. முகப்புப் பலகையில் இஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் கரும்புகை எழுந்தது. பாலத்தின் நடுவில், நெரிசலில் வேகம் குறைந்த கணத்தில் இஞ்சின் அணைந்தது. பின்னால் வந்த பேருந்துகள் ஒலி எழுப்பின. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார். மூன்றாவது முயற்சியில் இஞ்சின் உயிர்பெற்றது.

மூன்று ஆலோசனைகள்

என் கார் 2012-ஆம் ஆண்டு மாடல் டீசல் வண்டி. பணி ஓய்வு பெற்ற சக அலுவலர் ஒருவரிடமிருந்து வாங்கியது. தனியார் காருக்கு வழங்கப்படும் 15 ஆண்டுப் பதிவுக் காலம் 2027-இல் முடிவடைகிறது. இந்நிலையில் எனக்கு மூன்று ஆலோசனைகள் கிடைத்தன.

பெரிய ஒர்க் ஷாப் ஒன்றில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்து, "பி 0405" என்ற பிழை எண்ணைக் காட்டினர். ஈ.ஜி.ஆர். சென்சார் பழுது என்றும், சென்சார் தனியாகக் கிடைக்காது என்றும், வால்வையும் சேர்த்து மாற்ற 27,000 ரூபாய் ஆகும் என்றும் மதிப்பீடு எழுதித் தந்தனர். சாலையோரக் கடை ஒன்றில், "1,500 ரூபாய் கொடுங்கள் ஸார், ஒரு தகட்டை வைத்து அந்த வழியையே அடைத்துவிடுகிறேன், இனி இந்தத் தொல்லையே வராது" என்றனர். அலுவலக நண்பரோ, "வங்கி அலுவலருக்குக் கார்க் கடன் கிடைப்பதில் என்ன சிரமம்? இதைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார்.

மூன்றும் கேட்பதற்கு நியாயமாகவே தோன்றின. ஆனால் மூன்றிலும் ஒரு பொதுக் குறை இருந்தது. பழுது எங்கே என்பதை எவரும் இன்னும் கண்டறியவில்லை.

இந்த அமைப்பு எதற்காக?

வணிகவியல் பட்டதாரியாகிய எனக்கு இஞ்சினைப் பற்றி முறையான கல்வி இல்லை. ஆகவே, செலவு செய்வதற்கு முன் அந்த அமைப்பின் பணி என்ன என்பதை அறிந்துகொள்ள முற்பட்டேன்.

ஈ.ஜி.ஆர். என்பது, இஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பும் அமைப்பு. கழிவை மீண்டும் உள்ளே செலுத்துவது முதலில் விந்தையாகவே தோன்றும். காரணம் இதுதான்: நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். சாதாரண வெப்பத்தில் அது எதனுடனும் எளிதில் சேராது. எரிகலனுள் வெப்பம் சுமார் 1,400 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது, அது ஆக்சிஜனுடன் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுகிறது. இவ்வாயுக்கள் மூச்சுக்குழலை உறுத்துபவை. சூரிய ஒளியில் பிற வாயுக்களுடன் வினைபுரிந்து, தரைமட்ட ஓசோனையும் நுண்துகள்களையும் உண்டாக்குபவை. மூச்சிரைப்பு உள்ளோருக்கு இவை இரண்டும் பகை.

ஏற்கெனவே எரிந்து முடிந்த புகையில் கரியமில வாயுவும் நீராவியும் மிகுதி, ஆக்சிஜன் குறைவு. அதை உட்காற்றுடன் கலந்தால் எரிதலின் உச்ச வெப்பம் தணிகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறைகின்றன. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில், கொல்கத்தா உட்பட 13 நகரங்களில் 2010 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் அமலாயின. டீசல் கார்கள் ஒரு கிலோமீட்டருக்கு 0.50 கிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடலாம் என்று முந்தைய ஸ்டேஜ் 3 அனுமதித்தது. ஸ்டேஜ் 4 அதை 0.25 கிராமாகக் குறைத்தது. 2020-இல் வந்த ஸ்டேஜ் 6, அதை 0.08 கிராமாக்கியது. பாதியாகக் குறைத்த அந்த முதற்படியில் ஈ.ஜி.ஆர். வால்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

எவ்வளவு புகையை உள்ளே விடுவது என்பதை இஞ்சினின் கணினி தீர்மானிக்கிறது. வால்வு எந்த அளவு திறந்துள்ளது என்பதை அதற்குத் தெரிவிப்பதே நிலை காட்டும் சென்சார். அதற்கு மூன்று கம்பிகள்: ஒன்றில் 5 வோல்ட் மின்சாரம் செல்கிறது, மற்றொன்று எர்த், மூன்றாவது செய்தியைக் கணினிக்குக் கொண்டுவருகிறது. வால்வு மூடியிருந்தால் பெரும்பாலான வண்டிகளில் ஒரு வோல்ட் அளவிலும், முழுதும் திறந்திருந்தால் நான்கு வோல்ட்டுக்கு மேலும் அச்செய்தி இருக்கும்.

இப்போது பாலத்தின் மீது நடந்தது விளங்கும். செய்திக் கம்பியின் மின்னழுத்தம் திடீரென வீழ்ந்தபோது, வால்வு மூடிவிட்டதாக எண்ணிய கணினி அதை மேலும் திறந்திருக்கிறது. தேவைக்கு மேல் புகை உள்ளே சென்றதால் ஆக்சிஜன் போதாமல் கரும்புகை எழுந்தது. வேகம் குறைந்தபோது இஞ்சின் அணைந்தது.

எண் கூறும் பொருள்

வண்டியின் பிழை எண்களைப் படிக்கும்போது நம்மில் பலரும் ஒரு தவறு செய்கிறோம். எண்ணையே தீர்ப்பாகக் கொள்கிறோம். இவ்வமைப்பைச் சார்ந்த எண்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு செய்தியைச் சொல்பவை. 0401 என்றால், எதிர்பார்த்த அளவு புகை செல்லவில்லை. பெரும்பாலும் கரி அடைப்பே காரணமாக இருக்கும். 0402 என்றால் அளவுக்கு மிஞ்சிச் செல்கிறது. வால்வு மூடாமல் சிக்கியிருக்கலாம். 0403 என்பது வால்வை இயக்கும் மின்சுற்றின் குறை. 0405 என்றால் சென்சார் சுற்றின் மின்னழுத்தம் குறைவு. 0406 என்றால் அதிகம்.

"சுற்று" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சென்சார், கனெக்டர், கம்பிகள், கணினி ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். சென்சார் கெட்டுவிட்டது என்று அந்த எண் கூறவில்லை. ஒரு கடன் கணக்கில் ஒரு தவணை வரவில்லை என்று எங்கள் கணினி காட்டுவதைப் போன்றதே இது. வாடிக்கையாளருக்கு வருமானம் நின்றிருக்கலாம்; அல்லது சம்பளக் கணக்கு மாறியதால் தானியங்கிப் பற்று மட்டும் தவறியிருக்கலாம். திரையில் தெரியும் வரி இரண்டுக்கும் ஒன்றே. ஒரு தொலைபேசி அழைப்பு இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

சேத்லாவில் ஒரு காலைப் பொழுது

அலிப்பூரை அடுத்த சேத்லாவில், டாலி கால்வாய்க்கு அருகே ஒரு சிறு பட்டறை உண்டு. அதை நடத்தும் முதிய மிஸ்திரியிடம் ஒரு ஞாயிறு காலை காரைக் கொண்டு சென்றேன். "தாதா, சென்சாரை மாற்ற வேண்டும் என்கிறார்கள்" என்றேன். "மாற்றலாம் ஸார். முதலில் அது என்ன சொல்கிறது என்று கேட்போம்" என்று கூறி, பழைய மல்டிமீட்டர் ஒன்றை எடுத்து வந்தார். அவர் செய்தவற்றை வரிசையாகக் கூறுகிறேன். பழைய கார் வைத்திருக்கும் எவருக்கும் இது பயன்படும்.

முதலில், ஸ்கேனரில் இருந்த பிழை எண்ணையும், அது பதிவானபோது இருந்த வேகம், வெப்பம் ஆகியவற்றையும் தாளில் குறித்துக்கொண்டார். அழித்த பிறகு அவை திரும்பக் கிடைக்கா. பல இடங்களில் அவசரப்பட்டு முதலில் அழித்துவிடுகின்றனர்.

இரண்டாவதாக, எதையும் கழற்றாமல் கண்ணால் பார்த்தார். கம்பிகள் உராய்ந்துள்ளனவா, எலி கடித்துள்ளதா, கனெக்டரின் பூட்டு உடைந்துள்ளதா என்று விளக்கைப் பிடித்துத் தேடினார்.

மூன்றாவதாக, இஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, கம்பிப் பக்கத்தில் அளந்தார். 4.98 வோல்ட் காட்டியது. எர்த்தும் சரியாக இருந்தது. அதாவது கணினியிலிருந்து வரவேண்டியது வருகிறது. இது வராதிருந்தால், எத்தனை புதிய சென்சார்களை மாற்றினாலும் பயன் இராது.

நான்காவதாக, கனெக்டரை மீண்டும் பொருத்தி, ஸ்கேனர் வழியே வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து மூடச் செய்து, செய்திக் கம்பியின் அளவைக் கவனித்தார். 0.9 வோல்ட்டில் தொடங்கி, தாவாமல் தயங்காமல் 4 வோல்ட்டைத் தாண்டி ஏறி, அவ்வாறே இறங்கியது. சென்சாரின் உட்பகுதி தேய்ந்திருந்தால், இடையில் ஓரிடத்தில் அளவு குதிக்கும் அல்லது வீழும். அப்படி வீழ்ந்தால் சென்சாரை மாற்றுவதே முறை. இங்கு வீழவில்லை.

ஐந்தாவதாக, வால்வைப் பாதி திறந்த நிலையில் நிறுத்தி, கனெக்டரையும் கம்பிகளையும் விரலால் மெல்ல அசைத்தார். ஓரிடத்தில் மீட்டர் சட்டென 0.1 வோல்ட்டுக்கு இறங்கியது. கையை எடுத்தார்; ஏறியது. மீண்டும் அசைத்தார், இறங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்து, "ஸ்கேனர் பொய் சொல்லவில்லை ஸார். பாதி சொன்னது" என்றார்.

கனெக்டரைப் பிரித்தபோது, ஒரு முனையில் பச்சை நிறக் களிம்பு படர்ந்திருந்தது. பூசைப் பாத்திரத்தில் துலக்காமல் விட்டால் ஏறும் அதே செம்புக் களிம்புதான். நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம், 13 ஆண்டு இஞ்சின் வெப்பத்தில் இறுகிச் சுருங்கியிருந்தது. "வெள்ள நீர் இவ்வளவு உயரம் வந்திராது. இஞ்சினை அழுத்த நீரால் கழுவினீர்களா?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன்.

களிம்பேறிய முனையை வெட்டி எடுத்து, புது முனையை அழுத்திப் பொருத்தினார். புது ரப்பர் வளையம் இட்டு, ஈரம் புகாத பசை தடவினார். கனெக்டருக்கு உரிய உதிரிகளை மல்லிக் பஜாரில் இருந்து முன்பே வாங்கி வைத்திருந்தார். வால்வையும் கழற்றிக் காட்டினார். நகர நெரிசலில் மெதுவாகவே ஓடும் டீசல் வண்டிகளில், கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார் போல் படியும். அதையும் சுரண்டித் தூய்மை செய்து, புதிய கேஸ்கெட் இட்டார். மொத்தம் 1,850 ரூபாய். பிழை எண்ணை அழித்துவிட்டு, டைமண்ட் ஹார்பர் சாலையில் 40 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, மீண்டும் ஸ்கேனரைப் பொருத்திப் பரிசோதித்த பிறகே பணத்தைப் பெற்றுக்கொண்டார்.

அடைத்துவிட்டால் என்ன?

1,500 ரூபாய்த் தகட்டின் கதை இன்னும் முடியவில்லை. அதைப் பற்றி நான் சிறிது தயங்கியது உண்மை. காரணம் உண்டு. டீசல் காருக்கு மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் வழங்கும்போது, புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கின்றனர். நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை. புகை மறுசுழற்சியை அடைத்துவிட்டால், எரிகலனுக்குள் ஆக்சிஜன் மிகுந்து, கண்ணுக்குத் தெரியும் கரி குறையவே செய்யும். வண்டி சோதனையில் எளிதாகத் தேறும். இழுவையும் கூடியதாகத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத நச்சு மட்டும் பெருகும். எவருக்கும் தெரியாது.

எவருக்கும் தெரியாது என்ற இதே எண்ணம் உலக அளவில் எங்கு கொண்டுபோய் விட்டது என்பதற்கு 2015-ஆம் ஆண்டின் வோக்ஸ்வாகன் விவகாரம் சான்று. சோதனைச் சாலையில் இருப்பதை உணர்ந்தால் மட்டும் மாசுக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கும் மென்பொருள், அந்நிறுவனக் குழுமத்தின் டீசல் கார்களில் இருந்தது வெளிப்பட்டது. மறுசுழற்சியாகும் புகையின் அளவை மாற்றுவதும் அந்த உத்தியின் பகுதி. இந்தியாவில் அதே ஆண்டு டிசம்பரில் 3,23,700 கார்களைத் திரும்பப் பெற்றுச் சீர்செய்வதாக அக்குழுமம் அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை வழங்கியது. இந்திய விதிகளை மீறவில்லை என்பது நிறுவனத்தின் வாதம்.

தனிமனிதருக்கும் சட்டம் உண்டு. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்திற்குப் பின், அத்தகைய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஆயினும் உண்மையைக் கூறினால், என்னைத் தடுத்தது அபராதம் அன்று. பாலத்தின் மீது சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டிருந்த அம்மாவின் முகம். அவர் சுவாசிக்கும் ஊரின் காற்றில்தான் என் கார் மூச்சு விடுகிறது.

வாடிக்கையாளர்களுக்குச் சில சொற்கள்

பழைய கார் வைத்திருப்போர் கீழ்க்கண்டவற்றை மனத்திற்கொள்வது நலம்.

மஞ்சள் விளக்கு எரிந்தால், பிழை எண்ணை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீடு தருவோரிடம், "எந்தச் சோதனையில் இந்த உதிரி பழுதென்று கண்டீர்கள்?" என்று பணிவுடன் கேளுங்கள். மின்னழுத்தத்தை அளந்தவர் அதற்கு ஓர் எண்ணைப் பதிலாகக் கூறுவார். எண்ணைக் கூற இயலாதவரிடம் 27,000 ரூபாயை ஒப்படைக்கும் முன் மற்றொருவரிடம் காட்டுங்கள். விளக்கு நிலையாக எரிந்தால், விரைவில் காட்ட வேண்டும் என்று பொருள். இழுவை குறைந்தாலோ, இஞ்சின் அணைந்தாலோ தள்ளிப்போட வேண்டாம். சிக்னலிலும் பாலத்திலும் அணையும் கார் உயிருக்கே ஆபத்து.

தேய்மானமும், இயந்திர, மின் பழுதுகளும் வழக்கமான வாகனக் காப்பீட்டில் அடங்கா. வெள்ள நீரால் இஞ்சின் சேதமடைந்தால் உதவும் கூடுதல் காப்பு தனியாக உண்டு. தாழ்வான பகுதிகளில் வசிப்போர் புதுப்பிக்கும்போது அதைக் கேட்டறியலாம். 15 ஆண்டு கடந்த காரின் பதிவை, தகுதிச் சோதனைக்குப் பின் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசு அதற்கான கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. இவற்றையெல்லாம் கணக்கிட்டு, மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் ஒதுக்கி வந்தால், பழுது வரும் நாளில் பதற்றத்தில் முடிவெடுக்க நேராது.

புதிய கார் வாங்கக் கடன் வழங்குவது எங்கள் பணி. அதை மகிழ்வுடன் செய்வோம். தேவை வரும்போது நானும் வாங்குவேன். ஆனால் களிம்பேறிய ஒரு கம்பி முனைக்காக ஏழாண்டுத் தவணையை ஏற்க வேண்டியதில்லை.

இதை எழுதும்போது பழுது நீங்கி மூன்று மாதங்கள் கடந்துவிட்டன. மஞ்சள் விளக்கு மீண்டும் எரியவில்லை. சென்ற வாரம் அம்மாவை அதே மருத்துவரிடம் அழைத்துச் சென்று திரும்பினேன். ஜெய்ஹிந்த் பாலத்தின் உச்சியில் நெரிசல், வண்டிகள் நின்றன. இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. "இப்போது புகை வாடை இல்லையடா" என்றார் அம்மா. இஞ்சினை மீண்டும் அழுத்த நீரால் கழுவப் போவதில்லை என்பதை மட்டும் அவரிடம் சொன்னேன்.